உங்கள் அத்தை மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது ஏன்

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. அத்தை வாசலில் நின்றுகொண்டு மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அதுவும் மேயப் போன மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில். சின்னவள் அதை அப்படியே செய்து காட்டினாள். உங்கள் அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பாள். இத்தனை வருஷத்தில் என் பேர் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஓட்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூட பெரியவனைத் தொட்டுக் காட்டி, "இவங்கப்பா பேருங்க" என்றாள். அந்த ஆள் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அத்தை மட்டும் ஏன் அப்படி என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் நடுவில் ஆயிரம் கேள்வி கேட்பீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், மாமாவின் பேரை நான் இதில் எழுத மாட்டேன். அக்கா புருஷன், மூத்தவர். பேர் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

மாமா சினிமாவில் நடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால் யாரும் நம்பவில்லை என்றீர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மாமா நடித்த படம் எதுவும் இப்போது ஓடுவதில்லை. படப்பெட்டிகூட எங்கே இருக்கிறதோ. ஆனால் அவர் நடித்தார். நானே பார்த்திருக்கிறேன். அவர் வேலை என்னவென்றால், சாவது.

அதற்குமுன் கூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது தருமபுரி தனி ஜில்லா இல்லை, எல்லாம் சேலம் ஜில்லாதான். பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றி மாசி, பங்குனியில் கூத்து நடக்கும். மாமா அசுர வேஷக்காரர். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். மீசை, இப்போது நீங்கள் பார்க்கிற வெள்ளை மீசை இல்லை, இரண்டு பக்கமும் நுனி தூக்கின கருமீசை. அவர் விழுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். முழங்காலை மடக்க மாட்டார். பனைமரத்தை அடியில் வெட்டினால் எப்படிச் சாயும், அப்படிச் சாய்வார். தரை அதிரும். விழுந்த பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். மூச்சை அடக்கினால் அவருக்கு மீசை நுனி மட்டும் லேசாக ஆடும். முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளெல்லாம், "மீசை ஆடுது, மீசை ஆடுது" என்று கத்தும்.

எங்கள் பக்கக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் செத்தவன் செத்தவனாகவே வீட்டுக்குப் போகக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் கூத்து வாத்தியார் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்து, வேஷத்தின் பேரைச் சொல்லாமல் பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார். அதற்குள் அவன் "இருக்கேன்" என்று சொல்லி எழுந்து நிற்க வேண்டும். எல்லாரும் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கலைவோம். மாமா எப்போதும் மூன்றாவது தடவைக்குத்தான் வாயைத் திறப்பார். அதுவரைக்கும் பெண்கள் பக்கத்தில் ஒரே பதைப்பு. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

தீர்த்தமலைத் திருவிழாவில் அவர் விழுந்ததைச் சேலத்துச் சினிமாக் கம்பெனிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, வா என்று கூட்டிப்போய்விட்டார். பேசும் படம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கம்பெனியில் முதல் சண்டை மீசைக்கு. எடுக்கச் சொன்னார்கள். மாமா மாட்டேன் என்றுவிட்டார். மீசையோடு என்ன வேஷம் கொடுப்பது? திருடன், தளபதி, அசுரன், ஜமீன்தாரின் அடியாள். அந்தக் காலத்துப் படத்தில் பெரிய மீசை வைத்தவனெல்லாம் கடைசியில் சாக வேண்டும், அது ஒரு சட்டம் மாதிரி. அதனால் மாமா ஒவ்வொரு படத்திலும் செத்தார்.

அவர் படுத்தின பாட்டை அங்கே வேலை செய்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கம்பெனிச் சாப்பாடு சாப்பிட மாட்டார். சாமான் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து, வேஷ உடுப்போடு குந்திக்கொண்டு களி கிண்டுவார். விளக்குப் பிடிக்கிற ஆட்களெல்லாம் அவரோடுதான் சாப்பிடுவார்கள். சாகிற அன்றைக்குக் களியில் உப்புப் போட மாட்டார். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, விழுமுன் "வடக்கு எதுங்க?" என்று கேட்பார். வடக்கே தலை வைத்து விழ மாட்டார். நாலு பக்கமும் அடைத்த தகரக் கொட்டகைக்குள் திசை எப்படித் தெரியும்? ஒருத்தர் வெளியே ஓடிப்போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அதற்குள் விளக்குச் சூட்டில் டைரக்டருக்கு மண்டை காய்ந்துவிடும்.

இதெல்லாம் நடந்தது சேலத்தில். ஊரில் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. மாமா மாதம் ஒரு தடவை மஞ்சவாடிக் கணவாய் வழியாக நடந்தே வருவார், நாலு நாள் இருப்பார், போவார். நான் அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சித்தேரி மலைக்காரர்கள் கொண்டுவருகிற புளியையும் கடுக்காயையும் சேலம் மண்டிக்கு ஏற்றிப்போவேன். திரும்பும்போது சில சமயம் டெண்டுக் கொட்டாய்க்கு வருகிற படப்பெட்டியை ஏற்றி வருவேன். மாமா நடித்த முதல் படத்தின் பெட்டியும் என் வண்டியில்தான் வந்தது.

ஊரே போனது. மணலில் உட்கார்ந்தோம். ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு சுருளும் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த சுருளை மாட்டுவார்கள். அக்கா பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தாள். மாமா கோட்டைப் படியிலிருந்து கத்திக்குத்துப் பட்டு உருண்டு விழுந்தார். சுருள் முடிந்தது, விளக்கு வந்தது. முறுக்குக்காரன் கூவிக்கொண்டு வந்தான். அக்கா எழுந்து நின்றுகொண்டு என்னைத் தேடினாள்.

"ஏன்டா, எழுப்பலையா?"

"அக்கா, இது படம்."

"படமா இருந்தா என்ன? விழுந்தது அவருதானே?"

கொட்டாய்க்காரர் சிரித்தார். "ஆத்தா, உன் வூட்டுக்காரரு சேலத்துல சௌக்கியமா இருக்கறாரு. இது வெறும் வெளிச்சம்."

"வெளிச்சமோ இருட்டோ, எழுப்பிட்டு அடுத்ததப் போடுங்க."

அவள் சொன்னதற்குக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். எல்லார் மனசிலும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது போல. கூத்து வாத்தியாரும் அங்கே இருந்தார். அவர் எழுந்துபோய் வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று, சோடாக்காரனிடம் தண்ணீர் வாங்கித் தெளித்து, மாமாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவை. இரண்டாவது தடவை. மூன்றாவது.

சேலத்தில் இருக்கிற மனுஷன் எப்படிப் பதில் சொல்வார்? ஆனால் மூன்று தடவை கூப்பிட்டுப் பதில் வராமல் அதுவரைக்கும் நாங்கள் யாரும் கண்டதில்லை. முறுக்குக்காரன்கூட வாயை மூடிக்கொண்டான். அக்கா அப்படியே வெளியே போய்விட்டாள். மீதிப் படத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியக் காலம் என்னைச் சேலத்துக்கு விரட்டினாள். மாமா வந்தார். அதற்கடுத்த நாள் சாயங்கால ஆட்டத்தில் அதே சுருள் முடிந்ததும் திரைக்கு முன்னால் போய் நின்றார். வாத்தியார் கூப்பிட்டார். "இருக்கேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் டெண்டுத் துணி ஆடியது. கொட்டாய்க்காரருக்கு ஒரே குஷி, அன்றைக்குத் தரை டிக்கெட்டில் உட்கார இடமில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். பெட்டி மாரண்டஹள்ளிக்குப் போகிறது என்று தெரிந்ததும் அக்கா கேட்டாள், "அங்க யாரு எழுப்பறது?"

மாமா அங்கேயும் போனார். அதற்கப்புறம் அரூர். கம்பெனியில் அடுத்த படத்துக்கு ஆள் தேடுகிறார்கள், இவர் டெண்டு டெண்டாக எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

"புள்ள, இது ஒரு பெட்டி இல்ல. ஒரே நேரத்துல எத்தனையோ ஊர்ல ஓடுது. மதுரைல ஓடுது, கோலார்ல ஓடுது."

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "அப்படின்னா அத்தனை ஊர்லயும் செத்துக் கெடக்கறீங்களா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இனிமே படத்துல சாகறதா இருந்தா வேண்டாங்க. சாகாம நடிக்கறதா இருந்தாப் போங்க" என்றாள்.

மீசையோடு சாகாமல் நடிக்க எந்தக் கம்பெனி விடும்? மாமா ஊரிலேயே இருந்துவிட்டார். ராகிக் கொல்லையில் களை எடுத்தார், புளி உலுக்கினார். ஆனால் மனுஷன் முகத்தைப் பார்க்க முடியாது. வரப்பில் நடக்கும்போதே சில சமயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று சாய்வார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஓடி வருவார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்பார். ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை. அக்கா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

அதற்குள் சண்டை வந்துவிட்டது. ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்போது கம்பெனி ஆள் ஒருத்தர் வீட்டுக்கே வந்தார். பெரிய வேஷம். ராஜாவின் தளபதி. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரைக்கும் வருகிறான், வசனம் பேசுகிறான், பாட்டுக்கூட ஒன்று உண்டு. கடைசியில் ராஜாவுக்காக உயிரை விடுகிறான். "இது கெட்டவன் வேஷம் இல்லம்மா. இவர் செத்தா ஜனங்க அழும்" என்றார் அந்த ஆள்.

மாமா அக்கா முகத்தைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா யோசித்தாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கூத்து வாத்தியார் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். வாத்தியார் அப்போது கால் வீங்கிக் கட்டிலோடு கிடந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார், "விழுந்த மண்ணுலயே எழுப்பிடோணும். அங்கயே எழுப்பிட்டா, அப்புறம் நெழலு எந்த ஊர்ல விழுந்தாலும் தோஷமில்ல. நான் வர முடியாது. நம்ம ஈட்டிக்காரனக் கூப்புடச் சொல்லு."

ஈட்டிக்காரர் என்பது மாமாவோடு கூத்தாடினவர். மாமா சிபாரிசில் அதே கம்பெனியில் ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்கிற சேவகன் வேலை பார்த்தார்.

"சரி. ஆனா நான் கண்ணால பாக்கோணும்" என்றாள் அக்கா.

அந்தக் காட்சி எடுக்கிற அன்றைக்கு நானும் அக்காவும் பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு, அதில் கரியைப் போட்டு ஒரு பையன் சக்கரம் சுற்றுவான், அந்தப் புகையில்தான் வண்டி ஓடும். மஞ்சவாடி ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அக்கா மட்டும் தள்ளவில்லை. ஒரு கையில் தேங்காய், ஒரு கையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் கரைத்த சொம்பு. ஒரு சொட்டு சிந்தாமல் பின்னாலேயே நடந்து வந்தாள்.

கொட்டகைக்குள் போனதும் அக்கா அரண்மனைத் தூணைத் தொட்டுப் பார்த்தாள். "அட, காகிதம்டா!" என்றாள். மாமா கவசம், வாள் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். அக்கா தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "வேட்டிய இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டியிருக்கலாம்" என்றாள்.

பிலிமுக்குத் தட்டுப்பாடு, ஒரே தடவையில் சரியாக வர வேண்டும் என்று டைரக்டர் எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தார். மாமா படிக்கட்டு உச்சியில் நின்று பேசிவிட்டுக் கீழே விழ வேண்டும். விழுகிற இடத்தில் வைக்கோல் மூட்டை போட்டு, கடைசிப் படி வரைக்கும் சேர்த்துக் கம்பளம் விரித்திருந்தார்கள். மாமா வழக்கம்போல் ஆரம்பித்தார். "வடக்கு எதுங்க?"

விளக்குக்காரர் ஒருவர் மூட்டை போட்ட பக்கத்தையே காட்டினார். மாமா, "அப்போ இந்தப் பக்கம் தலை வெச்சு ஆகாதுங்களே" என்றார். டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, இன்னிக்கு ஒரு நாள் வடக்க மறந்துடுங்க. கேமரா அந்தப் பக்கம்தான் பாக்குது." மாமா தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, முடியாது என்று ஆட்டினாரா, அது எங்கள் யாருக்கும் புரியவில்லை.

வசனம் பேசினார். பிறகு சாய்ந்தார். கடைசி நொடியில் உடம்பைத் திருப்பி, தெற்கே தலை வைத்து, மூட்டை இல்லாத பக்கத்தில் விழுந்தார். தடால் என்று சத்தம். "கட்!" என்றார் டைரக்டர். "பிரமாதம்! எழுந்திருங்க."

மாமா எழுந்திருக்கவில்லை.

யாரும் பயப்படவில்லை. இந்தத் தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பார் என்று ஈட்டிக்காரர் காலையிலேயே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். விளக்கை அணைத்தார்கள், சிலர் பீடி பற்றவைக்க வெளியே போனார்கள். ஈட்டிக்காரர் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அக்கா கையிலிருந்து சொம்பை வாங்கித் தெளித்து, தேங்காயை உடைத்து, மாமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டார். இல்லை. "மூணாவதுக்குத்தான் வருவாரு, அவரு ராசி அப்படி" என்று ஈட்டிக்காரரே எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

கொட்டகையில் எல்லாரும் காத்திருந்தோம், ஒரு சிரிப்பு உதட்டில் தயாராக. "டேய், போதும்டா விளையாட்டு. வூட்டுக்காரி நிக்குது" என்றார் ஈட்டிக்காரர்.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"மீசை ஆடலையே" என்றாள்.

அவள் அதைச் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. அடுத்த நிமிஷம் அவள் மாமா தலைமாட்டில் உட்கார்ந்து, மிச்சத் தண்ணீரை முகத்தில் கொட்டி, இரண்டு கையாலும் கவசத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, கூப்பிட்டாள். பேரைச் சொல்லி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பேரை அவள் சொன்னதில்லை. மலைமேல் இருக்கிற சாமிக்கும் அதே பேர் என்பதால் சாமி பேரைக்கூடச் சொல்ல மாட்டாள், "மேல இருக்கறவரு" என்பாள். பேர் அவள் வாயில் பழக்கமில்லாமல் வந்தது, முதல் தடவை பாதியில் உடைந்தது. பிறகு சரியாக வந்தது. பிறகு தகரக் கூரை அதிர்ந்தது. பீடி பிடிக்கப் போனவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். மூன்று தடவை என்கிற கணக்கெல்லாம் போயே போய்விட்டது.

நான் கம்பளத்தை இழுத்துப் பார்த்தேன். மாமா தலைக்கு அடியில் படிக்கட்டின் மரச்சட்டம். அது காகிதம் இல்லை, நிஜ மரம். என் கையெல்லாம் ரத்தம்.

"இருக்கேன்."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யாரு புள்ள கூப்புட்டது?" என்றார்.

"நாந்தான்."

"நீயா?"

"ஆமா, நாந்தான். இன்னொருக்க இப்படி விழுந்தீங்கன்னா கூப்புட மாட்டேன், பாத்துக்குங்க."

மாமா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "பேரு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அக்காவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்துவிட்டது. தலையைக் கட்டுகிறேன் என்று முந்தானையைக் கிழித்து அழுத்தின அழுத்தில் மாமா கத்தினார். கத்தின பிறகுதான் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் வந்து தையல் போட்டார். இன்னும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று டாக்டர் சொன்னதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. மாமா பின்மண்டையில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறதே, அது இதுதான்.

படம் வந்தது. பாப்பிரெட்டிப்பட்டி டெண்டில் பார்த்தோம். அவர் விழுந்ததும் கொட்டாயே அழுதது. அக்கா அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், "அந்தப் படிக்கட்டு கட்டைடி, மிச்சமெல்லாம் காகிதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மாமா சில வருஷம் நடித்தார். எந்தப் படத்தில் செத்தாலும் அக்கா போக வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். "அந்தம்மா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கையே போடுவார்களாம். அவள் வருகிற பஸ் கணவாயில் நின்றுபோனால் அங்கே தளபதி சாகாமல் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருப்பார். சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் போய், படமெல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மீசையை எடு என்று மறுபடியும் கேட்டார்கள். மாமா மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். ஆனால் அக்காவின் வாய்க்கு அந்தப் பேர் பழகிவிட்டது. ஊர்ப் பெண்கள் முதலில் ஏசினார்கள், புருஷன் பேரை ஏலம் போடுகிறாள் என்றார்கள். இவள் காதிலேயே வாங்கவில்லை.

இப்போது சாயங்காலம் ஆனால் அவர் புளியந்தோப்புப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார். இவள் வாசலில் வந்து கூப்பிடுகிறாள். நீங்கள் கேட்டது அதுதான். முதல் தடவைக்குப் பதில் வராது, கவனித்தீர்களா? காது மந்தம் என்று நினைத்தீர்கள். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. நான் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், "மொதல் தடவையே சொல்லலாமில்ல மாமா? அக்கா பாவம்."

"சொல்லிட்டா ரெண்டாவது தடவை கூப்புட மாட்டாளே மச்சான்" என்றார்.

இதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் முறத்தில் ராகியைப் புடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியாதாக்கும்? இங்க நின்னாலே மீசை ஆடறது தெரியுது" என்றாள்.

அடுத்த தடவை போகும்போது சிரிக்காமல் நின்று பாருங்கள். ஆடும்.